காற்றுக்கு எதிரே

இலையில் மஞ்சள் பொடியாகப் பூத்துப் பரவும் மஞ்சள் துரு நோய், கேன்சஸ் கோதுமைக்குத் தெற்கிலிருந்து காற்றில்தான் வரும். இந்த வருடம் வடக்கிலிருந்து இறங்கியது. வயல் வயலாகப் போய் நோயைக் கணக்கெடுக்கும் மார்லிஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

விவசாயி ஆர்விலின் வயலுக்குள் முதல்முறையாக இறங்கி, இலைகளைப் புரட்டிக்கொண்டே போனாள்.

"உங்க வயல் சுத்தமா இருக்கு, ஐயா. வடக்க பன்னண்டு வயல் போச்சு."

"காத்துக்கு எதுத்தாப்ல எப்படிம்மா வருது?" என்றார் ஆர்வில், பின்னாலேயே நடந்தபடி.

"அதான் மண்டைய ஒடைக்குது. முதல் தடவ நான் பாக்கறப்ப எல்லாமே பச்சை. ரெண்டு வாரம் கழிச்சுப் போனா மஞ்சள்."

"நீ போகாத வயலு?"

"அங்கல்லாம் ஒண்ணும் இல்லையாம்."

"காலைல எங்கருந்து வர்ற?"

"வடக்க, பக்கத்து ஊர் வயல்லருந்து. அங்க முழங்கால் ஒசரத்துக்குத் துரு."

ஆர்வில் அவளுடைய பேண்ட்டையே பார்த்தார். மார்லிஸும் குனிந்தாள். முழங்கால்வரை மஞ்சள் பொடி அப்பியிருந்தது.

எந்தப் பக்கம் கால் வைப்பதென்று தெரியாமல், வயலின் நட்டநடுவில் அப்படியே நின்றாள்.