பூனை ஒட்டிய கால்குலேட்டர்

அந்தக் கால்குலேட்டர் அந்தப் பெண்ணுடையது இல்லை என்று கண்காணிப்பாளர் அம்மாவுக்கு ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிட்டது.

கணக்குத் தணிக்கைப் பிரிவில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவி மையத்துக்கு அன்றுதான் மாற்றலாகி வந்திருந்தார். பஸ் பாஸ், லாக்கர் சாவி என்று வரிசையாகக் கவுன்டர்கள். கடைசிக் கவுன்டர், தொலைந்த பொருட்களுக்கு.

அங்கே இருந்த கிளார்க்குக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'குறுக்கு விசாரணை'. பெயர் சும்மா வரவில்லை. காலையில் ஒருவன் விலை உயர்ந்த ஹெட்போனைக் கேட்டு வந்தான்.

"எந்தப் பக்கம் கீறல் இருக்கு?"

"வலது பக்கம் சார்."

"கீறலே இல்லையே தம்பி. கிளம்புங்க."

'பரவாயில்லையே, கறாரான ஆள்' என்று அம்மா மனசுக்குள் மார்க் போட்டார். போட்ட மார்க் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

ஒன்பதரைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள் அந்தப் பெண். "சார், பத்து மணிக்குப் பரீட்சை. என் கால்குலேட்டர் உடைஞ்சு போச்சு சார்!"

"உடைஞ்சு போச்சா, தொலைஞ்சு போச்சா?"

அவள் விழித்தாள். "தொ... தொலைஞ்சு போச்சு."

"என்ன கலர்?"

"நீலம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. கருப்பு இல்ல?"

"ஆமா, கருப்பு."

"பின்னாடி ஏதாவது ஸ்டிக்கர்?"

"இல்ல... இருக்கு?"

"நாயா, பூனையா?"

"நாய்."

கிளார்க் தொண்டையைக் கனைத்தார்.

"பூனை சார்! பூனை!"

"கரெக்ட். கையெழுத்துப் போட்டுட்டு ஓடு."

அவள் போட்ட கையெழுத்து காய்வதற்குள் மாடிப்படியில் இருந்தாள்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையன் வந்தால் கீறல் கணக்கு, பெண் வந்து கண்ணைக் கசக்கினால் விடையையும் நாமே எடுத்துக் கொடுப்பதா? நாளைக்கு அதன் சொந்தக்காரன் வந்து நின்றால் யார் பதில் சொல்வது? விளக்கம் கேட்டு மெமோ எழுத உட்கார்ந்தார்.

இரண்டு வரி எழுதுவதற்குள் இன்னொரு மாணவன் கவுன்டரில் தலையை நீட்டினான்.

"சார், வாட்ச் ஏதாவது வந்திருக்கா? பரீட்சை ஹால்ல போன் கூடாதுங்கறாங்க. கடிகாரமும் ஓடலை. மணியே தெரிய மாட்டேங்குது."

"வாட்ச் இன்னும் யாரும் தொலைக்கலையேப்பா" என்றார் கிளார்க், நிஜமாகவே வருத்தப்பட்டு.

இது கவுன்டரா, கடையா? அம்மா மெமோவில் இன்னும் நான்கு வரி சேர்த்தார்.

மதியம் ஒன்றேகாலுக்கு அந்தப் பெண் திரும்பி வந்தாள். கால்குலேட்டரை மெல்ல மேஜைமேல் வைத்தாள்.

"பரீட்சை நல்லா எழுதிட்டேன் சார். ஆனா இது என்னோடது இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

கிளார்க் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்படின்னா வேற யாரோ தொலைச்சதா இருக்கும். எங்கே கண்டெடுத்தீங்க?"

அவள் ஒரு நொடி முழித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரீட்சை ஹால்ல சார்" என்றாள்.

"கண்டெடுத்தவர்னு போட்டிருக்கிற இடத்துல ஒரு கையெழுத்து."

அவள் போனதும் அம்மா விருட்டென்று எழுந்தார். "அந்த ரிஜிஸ்டரைக் கொடுங்க. மெமோவோட இந்தப் பக்கத்தையும் நகல் எடுத்து வைக்கணும்."

வாங்கிப் புரட்டினார். 'கருப்புக் கால்குலேட்டர், பூனை ஸ்டிக்கர். கிடைத்த இடம்: பரீட்சை ஹால்.'

முந்தைய பக்கத்திலும் அதே பூனை. அதற்கு முன்னாலும். நூலகம், கேன்டீன், மறுபடி பரீட்சை ஹால். பதினைந்து தடவை தொலைந்து, பதினான்கு தடவை திரும்பி வந்திருந்தது. பதினான்கும் வேறு வேறு கையெழுத்து.

அதற்கும் முன்னால், இரண்டு வருடத்துக்கு முந்தைய முதல் பதிவில் கண்டெடுத்தவர் என்ற இடத்தில் கிளார்க்கின் கையெழுத்து இருந்தது. கிடைத்த இடம்: ஸ்டேஷனரி கடை.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கடைதான்.

"இரவல் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை மேடம்" என்றார் கிளார்க், தலையைச் சொறிந்தபடி. "தொலைச்சவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் இருக்கு."

"திரும்பி வராமப் போனா?"

"ஒரு தடவை வரலை. மறுநாள் அதே கடையில இன்னொண்ணு கிடைச்சுது மேடம்."

"அதுலயும் பூனையா?"

"ஒரு அட்டையில பன்னிரண்டு பூனை வரும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். தணிக்கையில் இருந்த இருபது வருடத்தில் இப்படி ஒரு முறைகேட்டை அவர் பார்த்ததே இல்லை.

மூன்று மணிக்குக் கிளார்க் தயங்கித் தயங்கி வந்தார்.

"மேடம், அந்த மெமோ..."

"எங்கேயோ தொலைச்சுட்டேன். கண்டெடுத்தா ரிஜிஸ்டர்ல ஏத்தாதீங்க. அது கிடக்கட்டும், ஒரு பொருள் கிடைச்சிருக்கு. பதிவு பண்ணுங்க."

மேஜைமேல் ஒரு வாட்ச் இருந்தது. பழுப்பு நிற வார், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

கிளார்க் பேனாவைத் திறந்தார். விசாரணை என்று வந்துவிட்டால் அவருக்கு மேலதிகாரியும் ஒன்றுதான்.

"எங்கே கிடைச்சுது மேடம்?"

"என் இடது கையில."