வாசலில் ஒரு மணிக்கூண்டு

பொருட்காட்சித் திடலின் நடுவே நூறு வருஷத்துச் செங்கல் மணிக்கூண்டு ஒன்று நின்றது. வாசல் அலங்காரத்துக்கான மூங்கில்களை அதன் காலடியில்தான் போட்டுவைப்பார்கள்.

ஒருநாள் இரண்டு பேர் வந்து மணிக்கூண்டை டேப் பிடித்து அளந்தார்கள்.

"பார்த்தியா, என்னைப் பழுது பார்க்கப் போறாங்க," என்றது மணிக்கூண்டு.

"முன்பக்கத்தை மட்டும்தானேண்ணே அளந்தாங்க?" என்றது ஒரு மூங்கில். "பழுது பார்க்கறவன் பின்னாலயும் வருவான். போன வருஷம் என்னைத் தாஜ்மகாலா கட்டினாங்க. இந்த வருஷம் உன்னை மாதிரி கட்டுவாங்க போல."

"பொறாமைடா உனக்கு."

பத்தே நாளில் மூங்கிலும் தெர்மாகோலும் சேர்ந்து வாசலில் இன்னொரு மணிக்கூண்டாக எழுந்தன. அதில் கடிகாரம்கூட ஓடியது. ஜனங்கள் செங்கல் மணிக்கூண்டுக்கு முதுகைக் காட்டியபடி அதைப் படம் பிடித்தார்கள். "அச்சு அசல்!" என்றார்கள். கூட்டம் பெருகி வண்டி நிறுத்த இடம் போதாமல், பழையதை இடிக்க இயந்திரம் வந்தது.

"தம்பி, நான்தான் அசல்னு நீயாவது சொல்லேன்!" என்று கத்தியது மணிக்கூண்டு.

"சொல்லலாம்ணே," என்றது மூங்கில். "ஆனா காட்சி முடிஞ்சதும் என்னையும் பிரிச்சிடுவாங்க. அதுவரைக்குமாவது மணிக்கூண்டா நின்னுக்கறேனே."