மாற்றுச் செடி

தோட்டத்தில் புதுக் கன்றின் பாலித்தீன் பையை எஸ்தர் சர்ரென்று கிழித்தாள். "வருசா வருசம் பூக்குது, ஒரு காயில்லை. மாற்றுச் செடி வச்சாத்தான் சரிப்படும்" என்றபடி, பழைய வைபர்னம் பூச்செடியின் பக்கத்தில் புதியதை நட்டாள்.

பழையது 'மாற்று' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. "என் இடத்துக்குத்தானே வந்திருக்கே?"

"இல்லக்கா. நான் வேற ரகம். நாம சேர்ந்து பூத்தா ரெண்டு பேருக்கும் காய் பிடிக்குமாம்."

"அக்காவாம்! குழி பறிக்க வர்றவங்க எல்லாரும் முறை சொல்லிக்கிட்டுத்தான் வருவாங்க."

மாசியில் இளையது பூத்தது. பழையது மொட்டுகளை இறுக்கி மூடிக்கொண்டது.

தேனீ வந்து கெஞ்சியது. "இன்னிக்கு ஒரு நாள் திற, தாயி. அவ மகரந்தம் என் காலிலேயே இருக்கு."

"அவ கொடுத்தனுப்பினதா? அப்போ விஷமாத்தான் இருக்கும்."

இளையவளின் பூக்கள் உதிர்ந்த பிறகே பழையது பூத்தது. அந்த வருடமும் இரண்டிலும் காயில்லை.

"இது பூக்கிற காலமே வேற. சேராது" என்று எஸ்தர் பழையதைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் வேறொரு வைபர்னத்தை நட்டாள்.

மறு வருடம் இளையது கிளை தாழக் காய்த்தது.