அழிந்த சாவி

ஸ்பீக்கரில் மருத்துவர் கத்திக்கொண்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டரில் ஆளைப் படுக்க வைத்தாயிற்று, ஸ்கேன் படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

கண்ணாடி அறைக்குள் மூன்று பேர். ஆஸ்பத்திரிப் படங்களைச் சேமித்து வைக்கும் இந்தக் கம்பெனியைத் தொடங்கிய அப்பா. அப்பா ஒதுங்கிக்கொண்டபின் அவர் இடத்துக்கு வந்த அண்ணன். அப்புறம் அவள்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றார் அப்பா.

அண்ணன் அவளைப் பார்த்தான்.

அவளுக்குத்தான் தெரியும். அந்த ஆஸ்பத்திரியின் இத்தனை வருஷப் படங்களும் எங்கோ வாடகை மெஷின்களில் பூட்டிக் கிடந்தன. பூட்டியது இரும்புச் சாவி இல்லை, எண்களால் ஆன சாவி. அவள் எழுதும் புரோகிராமில் அந்தச் சாவிக்கு நாலைந்து வரிதான். ஆனால் சாவி அழிந்தால் படங்கள் அத்தனையும் வெறும் குப்பை. கடவுளே வந்தாலும் திறக்க முடியாது.

அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் வழக்கமே இல்லை. சாவி என்றால் அவள்தான்.

அப்பா வெளியாட்களிடம் மகனை அறிமுகப்படுத்தும்போது நெஞ்சு நிமிரும். "இவ என் பொண்ணு, கம்ப்யூட்டர் வேலை பாக்குறா" என்பது அதற்குப் பிறகு வரும், வந்தால்.

நேற்று மீட்டிங்கில் அண்ணன்தான் பேச்சை எடுத்தான். தனக்கும் நாலு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள அவனுக்கு அவ்வப்போது ஆசை வரும். பழைய சாவியெல்லாம் எதுக்குச் சும்மா கெடக்கு குட்டி, தூக்கிடேன் என்றான். இருப்பதிலேயே பழைய சாவிக்குள்தான் அந்த ஆஸ்பத்திரியே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரியும். சரிண்ணா என்றாள்.

இன்று காலை வந்ததும் வராததுமாக அந்த வரிகளை நீக்கி ஓடவிட்டாள்.

இப்போது அண்ணன் அவளைக் கைகாட்டுவான் என்று காத்திருந்தாள். காட்டட்டும். அவன் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் வெளியே நாலு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, அப்பா எதிரில் கேட்கவேண்டியதுதான்.

"என் தப்புதான்பா" என்றான் அண்ணன். "நான்தான் அழிக்கச் சொன்னேன். குட்டி வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் கேக்கல."

வேண்டாம் என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

சின்ன வயதில் அவள் பூந்தொட்டியை உடைத்தாலும் இதே குரலில்தான் சொல்வான், நான்தான்பா என்று. அந்தக் குரலைக் கேட்டதும் வாயைத் திறக்க இருந்தாள்.

அதற்குள் அப்பா அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவள் வாயிலிருந்து வரும் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"திருப்பி எடுக்க வழியே இல்லையாம்மா?"

அவள் தன் விரல் நகத்தைப் பார்த்தாள்.

"அழிஞ்ச சாவியத் திருப்பி எடுக்க முடியாதுப்பா."

அப்பா அடித்த அடியில் அண்ணனின் மூக்குக்கண்ணாடி தெறித்து நாற்காலிக்கடியில் போய் விழுந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அத்தனை பேரும் பார்த்தார்கள். காதோரம் நரைத்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், மண்டியிட்டுத் தடவித் தடவி அதை எடுத்தான். மாட்டிக்கொள்ளக்கூட இல்லை. கையில் பிடித்தபடியே வெளியே போனான்.

லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டாள்.

சாவியை அழி என்றால் அந்த மெஷின்கள் உடனே அழித்துவிடுவதில்லை. முதலில் முடக்கி வைக்கும். யாராவது பதறிப்போய் ஓடி வருவார்கள் என்று சில நாள் காத்திருக்கும். அந்த நாட்களை முடிந்தவரை நீட்டி எழுதி வைத்தவள் அவள்தான்.

அழிப்பை ரத்து செய்தாள். சாவியை எழுப்பினாள். நீக்கிய வரிகளைத் திரும்பப் போட்டாள். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

ஸ்பீக்கரில் மருத்துவரின் குரல் இறங்கியது. திறந்துவிட்டது, எல்லாப் படமும் வருகிறது.

அப்பா துண்டுபோலத் துவண்டு உட்கார்ந்தார். அவள் தலையில் கை வைத்தார்.

"முடியாதுன்னியே, எப்படியோ காப்பாத்திட்ட. நீதாம்மா எனக்குப் பிள்ளை" என்றார். சற்றுக் கழித்து, கதவைப் பார்த்தபடி, "அவனை அடிச்சிருக்கக் கூடாது. நான் கூப்பிட்டேன்னு சொல்லி மேல கூட்டிட்டு வா."

அவள் இறங்கிப் போனாள்.

அண்ணன் வாசலில், வண்டிகள் நிற்கும் இடத்தில், வெயிலோடு வெயிலாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். கண்ணாடி இல்லாத அவன் முகம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"தியேட்டர்ல இருந்த ஆளு..." என்றான். மேலே கேட்க வாய் வரவில்லை. அவள் முகத்தையே பார்த்தான்.

அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

அந்த மௌனத்தை அவன் தனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டான். தலை குனிந்துவிட்டது.

"நான் இனிமே மேல வரமாட்டேன் குட்டி. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது? அப்பாவைப் பாத்துக்கோ."

அவள் படியேறி வந்தாள். அப்பா கதவருகிலேயே நின்றிருந்தார், அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"வரமாட்டேன்னு சொல்லிட்டான்பா."

அப்பாவின் முகம் மெல்ல இறுகியது.

"அவ்வளவு திமிரா?" என்றார்.