ஆறு மணி இரைச்சல்

"தம்பி, நீயே நியாயத்தைச் சொல்லு. பெத்த பிள்ளை போன கப்பலை இருபது நாளா காணோம். இந்த மனுஷன் என்னடான்னா, சாயங்காலமானா கார் ஷெட்டுல லைட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு!"

பக்கத்து வீட்டில் வேலை முடித்துக் கிளம்பிய எலக்ட்ரீஷியனை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டிருந்தார் அந்த அம்மா. அவன் பையை இறக்கி வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"கப்பலுக்கும் லைட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இருக்கே! கப்பல்ல போனவங்கள்ல யார் யாரைப் பத்தித் தகவல் கிடைச்சிருக்குன்னு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோவுல பேர் வாசிக்கிறாங்க. பத்தே நிமிஷம். சரியா அந்த நேரம் பார்த்து இவர் ஷெட்டுல லைட்டைப் போடுவாரு. உடனே ரேடியோ கொர்ர்ருனு இரையும். ஒரு வார்த்தை காதுல விழாது. நாலு நாளா இதே கூத்து."

"அணைக்கச் சொன்னீங்களா?"

"தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன். காதுல வாங்கினாத்தானே?"

கட்டிலில் சாய்ந்தபடியே பேசினார். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. தலைமாட்டில் ரேடியோ, மாத்திரைகள், ஆஸ்பத்திரி ஃபைல். எதிரே டி.வி. வைக்கும் மேஜை இருந்தது, டி.வி.யைக் காணோம்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட ஆளை நாலு வார்த்தை கேட்காமல் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

ஷெட்டில் பெரியவர் மகனுடைய காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கார் ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"அய்யா, உங்க ட்யூப்லைட்டால ரேடியோ இரையுதாம். அம்மா பார்க்கச் சொன்னாங்க."

"பழைய லைட்டு. அப்படித்தான் இருக்கும். விட்டுடு தம்பி." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. அவங்க அங்கே பிள்ளையை நினைச்சுத் துடிச்சுக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல காரைத் துடைக்கிறது அவ்வளவு முக்கியமா?"

"தூசி படியுது" என்றார் பெரியவர்.

இந்த ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை. ஏணியைப் போட்டு ஏறினான். சோக்கில் குறை ஒன்றும் இல்லை. ஸ்டார்ட்டரைக் கழற்றி, மூடியைத் திறந்தான். லைட்டின் இரைச்சல் ரேடியோவுக்குப் போகாமல் தடுக்க உள்ளே குட்டியாக ஒரு கண்டன்சர் இருக்கும். அதைக் காணோம். வெட்டிய கம்பியின் நுனி புதிதாக மின்னியது.

ஷெட்டில் இருந்த நாலு லைட்டிலும் இதே கதை.

"அய்யா, இது தானா பழுதாகல. யாரோ வேணும்னே வெட்டியிருக்காங்க."

பெரியவர் கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"நான்தான் வெட்டினேன். மில்லுல நாப்பது வருஷம் வயர்மேனா இருந்தவன். எதை வெட்டினா எது இரையும்னு எனக்குத் தெரியாதா?"

"எதுக்குங்க?"

"ஞாயித்துக்கிழமை கம்பெனியிலேருந்து போன் வந்தது. கப்பல் மூழ்கிடுச்சு. ஒருத்தரும் பிழைக்கல."

அவன் ஏணியில் ஒரு படி இறங்கினான்.

"அவளுக்கு வர்ற திங்கக்கிழமை இதயத்துல ஆபரேஷன். அதுவரைக்கும் எந்த அதிர்ச்சியும் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. டி.வி.யை ரிப்பேர்னு சொல்லித் தூக்கிட்டேன். பார்க்க வர்றவங்களை வாசலோட அனுப்பிடறேன். அந்த ரேடியோவை மட்டும் தொட விடமாட்டேங்கிறா." துணியால் முகத்தை மூடிக்கொண்டார். "இன்னும் நாலே நாள் தம்பி. என்னைத் திட்டிக்கிட்டாவது அவ உயிரோட இருக்கட்டும்."

ஸ்டார்ட்டர்களை இருந்தபடியே மாட்டினான். உள்ளே வந்தான்.

"வயரிங் ரொம்பப் பழசும்மா. மொத்தமாப் பிரிச்சு மாத்தணும். ஒரு வாரமாவது ஆகும்." நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

அந்த அம்மா அவனையே பார்த்தார். கிட்டே வரச் சொல்லிக் கையசைத்தார்.

"உன்கிட்ட சொல்லிட்டாரா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"செவ்வாய்க்கிழமை ரெண்டு நிமிஷம் லேட்டா லைட்டைப் போட்டாரு தம்பி. இறந்தவங்கன்னு வாசிச்சதுல மூணாவது பேரே என் பிள்ளையோடதுதான்."

அவன் நிமிர்ந்தான். "தெரிஞ்சுமாம்மா என்னைக் கூப்பிட்டீங்க?"

"ரெண்டு நாளா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப்போறேன்னு மிரட்டிக்கிட்டிருந்தேன். கூப்பிடாம விட்டா சந்தேகம் வந்துடும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு. பிள்ளையும் போயாச்சு, இவளுக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு, ஆபரேஷன் முடியற வரைக்கும் செத்துச் செத்துப் பிழைப்பாரு. நான் திட்டினா, தெரியலன்னு நிம்மதியா இருப்பாரு."

சுவர்க் கடிகாரம் ஆறு காட்டியது. ரேடியோவில் யாரோ வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். முடிப்பதற்குள் ஷெட்டில் வெளிச்சம் வந்தது. கொர்ர்ர்...

அந்த அம்மா உள்ளங்கையால் கண்களை அழுத்தித் துடைத்தார். மூச்சை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஏங்க! அந்தப் பாழாப்போன லைட்டை அணைச்சுத் தொலைங்களேன்! என் பிள்ளை பேரை வாசிச்சா எனக்கு எப்படிங்க தெரியும்?"