வெள்ளைக் கிளை

நடுவர் அந்தத் தொட்டியை விட்டு நகரவே இல்லை. குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

பின்வரிசையில் நின்றபடி அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொட்டியில் குட்டி மரம் வளர்க்கும் போன்சாய் சங்கத்தின் கண்காட்சி. அந்தக் குட்டி ஜூனிபர் மரம் சங்கச் செயலாளருடையது. முப்பது வருஷ வளர்ப்பு. இரண்டு மாதம் முன்பு, தங்கைக்கு ஆபரேஷன் என்று வெளியூர் போனவர், அதை அவளிடம்தான் விட்டுப் போனார்.

"கண்ணாடி, தண்ணி மட்டும் ஊத்து. போதும்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்பதால் சங்கத்தில் அவள் பெயரே கண்ணாடிதான். வாரத்தில் அவள் வாய்விட்டு நாலு வார்த்தை பேசுகிற ஒரே இடமும் அந்தச் சங்கம்தான்.

மூன்றாம் நாளே காற்றில் ஜன்னல் கதவு அடித்து, ஒரு கிளை முறிந்து தொங்கியது.

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ந்த கிளையைத் தோலுரித்து வெள்ளையாக விடுவதும் இந்தக் கலையில் ஓர் அழகு என்று எப்போதோ படித்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கடையிலிருந்து பொடிக் கத்தியும் இடுக்கியும் கொண்டுவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு செதுக்கினாள்.

திரும்பி வந்த செயலாளர் மரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ம்" என்றார். தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த 'ம்' அவளைத் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை போனை எடுத்தாள். நாலு தடவையும் வைத்துவிட்டாள்.

"இந்த மரத்துக்கு உயிரே இந்தச் செத்த கிளைதான்!" நடுவர் சத்தமாகவே சொன்னார். "யாரோட கைவேலை?"

"நான்தான்" என்று முந்திக்கொண்டார் செயலாளர்.

அரங்கமே கைதட்டியது. பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர், "கில்லாடிம்மா இந்த மனுஷன்!" என்றார்.

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. அடப்பாவி! அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்காம தூக்கிட்டுப் போனது இதுக்குத்தானா?

"பொய்! அது நான் செஞ்சது!"

அவ்வளவு பெரிய குரல் தனக்கு உண்டென்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

கைதட்டல் நின்றது. சங்கத் தலைவி எழுந்து வந்தார்.

"அவர் மரத்துல நீ கத்தி வெச்சியா?"

"ஆமா மேடம். அவர் ஊர்ல இல்லாதப்போ. பூராவும் என் வேலைதான்."

"அவர்கிட்ட கேட்டியா?"

"இல்ல... கேட்கல."

தலைவி பெருமூச்சு விட்டார். "சேரும்போது குடுத்த புத்தகத்தைப் பிரிச்சாவது பார்த்தியாம்மா? அடுத்தவங்க மரத்துல கேட்காம கத்தி வெச்சா, ரெண்டு வருஷம் இந்தப் பக்கமே வரக்கூடாது. அந்த விதியை எழுதினவரே இவர்தான்."

யாரோ ஓரத்து மேஜையிலிருந்து அவளுடைய தொட்டியைத் தூக்கிவந்து கையில் கொடுத்தார்கள். அவள் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்த மரம்.

அவள் செயலாளரைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"அதுக்காகத்தானேம்மா நான் செஞ்சேன்னு சொன்னேன்."