மரக்கால் சின்னம்

எல்லோருக்கும் ஒரே அளவு என்று சொல்லி, நெல் அளக்கும் மரக்கால் சின்னத்தில் நின்ற அந்த மாநிலக் கட்சி முதல் தேர்தலில் பதினொரு இடங்களை வென்றது. பிறகு நான்கு, பிறகு பல தேர்தல்களில் ஒன்றே ஒன்று. அதுவும் போனபின், வாங்கிய வாக்குகள் போதாதென்று சின்னமே பறிபோனது. இந்த முறை கட்சிக்குக் கிடைத்தது குடை. மரக்கால், யாருக்கும் தெரியாத ஒரு சுயேச்சைக்குப் போய்விட்டது.

வேட்பாளர் சிங்கராயர் கட்சி அலுவலக அலமாரியிலிருந்த பித்தளை மரக்காலைத் தானே சாக்கில் கட்டி உள்ளே வைத்தார். ஒரு மாதம் குடையை விரித்துப் பிடித்தபடி தெருத்தெருவாக நடந்தார். "மரக்கால மறந்துடுங்க, குடையப் பாத்துப் போடுங்க" என்று வாசல்தோறும் கெஞ்சினார்.

எண்ணி முடித்தபோது குடைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. மரக்காலுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அந்தச் சுயேச்சை, ஒரு சைக்கிள் கடைக்காரர், கூச்சத்தோடு பக்கத்தில் வந்தார்.

"நான் ஒரு நோட்டீஸ்கூட அடிக்கலண்ணே. இதெல்லாம் உங்க ஓட்டு."

சிங்கராயர் தலையை மட்டும் ஆட்டினார். கட்சியின் முகவர் செங்கமலம் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உங்க பூத்துல குடைக்கு ஒண்ணுகூட விழல. மெஷின்ல ஏதோ கோளாறு. எழுதிக் குடுப்போம்."

"வேணாம்மா."

"உங்க ஓட்டு ஒண்ணாவது இருக்கணும்லண்ணே?"

மை இன்னும் அழியாத விரலை அவர் மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

"நாப்பது வருஷம்மா" என்றார். "கை அங்கதான் போச்சு."